நீலம்

மூன்று நாளாகத் தண்ணீர் தேடிப் பெரிய வளையமொன்றைத் தொங்கவிட்டுப் பறந்த ஹெலிகாப்டர் மண்ணுக்கடியில் மின்சாரம் பாய்வதை அளந்து கண்டதெல்லாம் நிலவியல்காரியின் மேசையில் வண்ண வரைபடமாகக் கிடக்கிறது. ஜன்னலில் அழுக்குத் துணி நிறத்தில் வெளிச்சம். எதிரே குனிந்திருக்கும் விவசாயியின் விரல், நகக்கண்ணில் காய்ந்த மண்ணோடு, தன் நிலத்தைத் தேடிப் பிடித்து அங்கே பரந்திருக்கும் நீலத்தைத் தடவுகிறது. "அடேயப்பா, இவ்வளவு தண்ணியா!" அவள் பேனாவை மூடுகிறாள், திறக்கிறாள். மின்சாரம் பாயாத வறண்ட பாறைக்கு நீலம் போடுவது அவள் தொழிலின் வழக்கம். "ஐயா, அந்த நீலம் வந்து..." அவரோ போனைக் காதில் வைத்தபடி, கொஞ்சம் பொறும்மா என்று கையைக் காட்டுகிறார். முகமெல்லாம் பல். "ஏய், கட்டின மூட்டையெல்லாம் அவுத்துப் போடு. நாம எங்கயும் போக வேண்டாம்." மறுமுனையில் மனைவி சிரிப்பது மேசைக்கு இந்தப் பக்கம்வரை கேட்கிறது.