கவிழ்த்த பலகை

லேசான பக்கவாதம் வந்துபோனதிலிருந்து தச்சர் சங்கிலிமுத்துவுக்கு இடதும் வலதும் குழம்பின. யாரிடமும் சொல்லவில்லை. உள்ளங்கைகளில் பேனாவால் ‘இ’, ‘வ’ என்று எழுதிக்கொண்டு ஒரு புது வீட்டு வேலைக்குப் போனார். சமையல் மேடைக்கு இருந்தது ஒரே பலகை, நாளை காலை அந்த வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். மேல்பூச்சு சிதறக்கூடாது என்று பலகையைக் கவிழ்த்துப் போட்டார். கையைப் பார்த்து உறுதி செய்துகொண்டு மூட்டு வர வேண்டிய இடது முனையில் மரம் வெட்டும் ரௌட்டரை ஓட்டினார். இத்தனை வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு வெட்டு அவர் போட்டதே இல்லை.

பலகையை நிமிர்த்தினார். வெட்டு வலது முனையில் இருந்தது. மறுபடியும் கவிழ்த்தார், நிமிர்த்தினார். அது அங்கேயேதான் இருந்தது.

கோயிலுக்குப் போயிருந்த வீட்டுக்காரம்மா சுகந்தி உள்ளே வந்தாள். வெட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். “பிசிறே இல்லையே மேஸ்திரி! இன்னைக்கே மாட்டிருவீங்கல்ல?”

அவர் வெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்தாங்க, அம்மன் திருநீறு.”

கண்ணை எடுக்காமல் அவர் கையை நீட்டினார். திருநீற்றைக் கிள்ளிய விரல்கள் அந்தரத்தில் நிற்க, அவர் உள்ளங்கையிலிருந்த ‘இ’யை அவள் வாசித்தாள்.