நாலு நாள் பால்கனி வேலை

கானாடுகாத்தானில் அந்தப் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றி ஆறு வருடம் ஆகிறது. திங்கட்கிழமை காலை, கையில் எண்ணெய் டப்பாவும் தோளில் பெரிய பையுமாக முத்துவீரன் அதன் வாசலில் வந்து நின்றான்.

"பால்கனி மரத்தரைக்கு ஆள் தேடுறீகன்னு காரைக்குடியில சொன்னாக. நான் அந்த வேலைதான் பாக்குறேன்."

முத்துவீரன் அதுவரை ஒரு ஸ்டூலைக்கூடத் தேய்த்தது கிடையாது. மாடி ஹாலில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளிக் கப்பல்தான் அவன் குறி. ஒரு முழ நீளம். விடுதியின் விளம்பரப் படத்தில் அதைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்கு வேறு நினைப்பே இல்லை. பால்கனிக்குப் போக அந்த ஹாலைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் இன்பமேரிக்கு அவனைக் கண்டதும் வாயெல்லாம் பல்.

"வாங்க தம்பி. ரெண்டு மாசமா ஆள் தேடுறேன், வாரேன்னு சொல்றவுக ஒருத்தரும் வரலை. சனிக்கிழமை வெளிநாட்டுக்காரக பதினாலு பேரு வாராக. போன தடவை ஒரு அம்மாவுக்கு உள்ளங்கால்ல சிராய் ஏறிப் பெரிய ரகளை. இன்னொரு தடவை அப்படி ஆச்சுன்னா வேற வேலை தேடிக்கன்னு முதலாளி ஆச்சி சென்னையிலயிருந்து போன்லயே சொல்லிட்டாக."

முத்துவீரன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். அரை மணி நேரம் தேய்ப்பதுபோல் பாவனை பண்ண வேண்டியது. இந்த அம்மா அங்குட்டு நகர்ந்ததும் கப்பலைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டியது.

ஆனால் இன்பமேரி நகரவில்லை. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு, மடியில் முருங்கைக்கீரையோடு உட்கார்ந்துவிட்டாள்.

வேறு வழியில்லாமல் அவன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினான்.

"ஐயையோ, தேக்குல தண்ணியை ஊத்தாதீக தம்பி! பலகை உப்பிப்போயிரும். துணியை நனைச்சு இறுக்கப் பிழிஞ்சு துடைங்க."

துடைத்தான்.

"இடுக்குல எல்லாம் புறா எச்சம் பாருங்க" என்று ஒரு பழைய டூத் பிரஷ்ஷை நீட்டினாள். எழுபத்திரண்டு பலகை. ஒவ்வொரு இடுக்காகக் குடைந்து முடிப்பதற்குள் அன்றைய வெயில் இறங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை வராமலே இருந்துவிடலாமா என்று யோசித்தான். கப்பல் விடவில்லை. வந்தான். உப்புத்தாளைக் கையில் எடுத்தான்.

"குறுக்க தேய்க்காதீக. ரேகை போற போக்குல தேய்க்கணும்."

"இம்புட்டும் தெரிஞ்சு வச்சிருக்கீகளே அக்கா!"

"முட்டி ரெண்டும் போச்சு தம்பி. இல்லைன்னா நானே உக்காந்து தேய்ச்சிருப்பேன்."

மதியச் சாப்பாடும் அங்கேயே. இருவருக்கும் சேர்த்து சமையல்காரம்மா மேலேயே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நாற்காலி காலியாகவே இல்லை. இப்படியும் ஒரு காவலா என்று அவன் அலுத்துக்கொண்டான். அதே சமயம், வீட்டுக்குள் விட்ட ஆள் யாரென்றே தெரியாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளை நினைத்துச் சிரிப்பும் வந்தது.

புதன்கிழமை முதல் கை எண்ணெய் ஓட்டினான். காய்ந்து வெளுத்துக் கிடந்த பலகைகளில் எண்ணெய் இறங்க இறங்க, உள்ளே இருந்து தேன் நிறம் எழும்பி வந்தது. ஒரு நிமிடம் கப்பலையே மறந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நல்ல கைராசி தம்பி உங்களுக்கு" என்றாள் இன்பமேரி. "ராத்திரி முச்சூடும் காயட்டும். நாளைக்கு ரெண்டாவது கை."

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கடைசிப் பலகையையும் முடித்து, பின்பக்கமாகவே நகர்ந்து ஹாலுக்கு வந்து சேர்ந்தான். இடுப்பு நிமிரவில்லை. இன்பமேரி குனிந்து இந்த ஓரமும் அந்த ஓரமும் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"இப்பத்தான் தம்பி நிம்மதி. இருங்க, டீ போட்டுட்டு வாரேன்."

நாலு நாளில் முதல் தடவையாக அந்த நாற்காலி காலியானது.

கண்ணாடிப் பெட்டியின் பூட்டு ஸ்குரூ டிரைவரின் ஒரு திருகலுக்கே வாயைத் திறந்தது. கப்பல் எண்ணெய்த் துணிகளுக்கு அடியில் போனது. முத்துவீரன் படி இறங்கி, முற்றத்தைத் தாண்டி, வாசலுக்கு வந்தான்.

வாசலில் சப்-இன்ஸ்பெக்டர் அழகுசுந்தரம் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஜீப்.

"பை ரொம்பக் கனமா இருக்கும் போல. குடு, நான் தூக்குறேன்."

கப்பல் வெளியே வந்தது. அதே நேரம் இன்பமேரியும் இரண்டு டீ கிளாஸ்களோடு வெளியே வந்தாள். ஒன்றை எஸ்.ஐ.யிடம் கொடுத்தாள். மற்றதை முத்துவீரனிடம் நீட்டினாள்.

"குடிங்க தம்பி. வேர்த்து விறுவிறுத்து வேலை பாத்திருக்கீக."

அவன் கிளாஸை வாங்கிக்கொண்டான்.

"கரெக்டா போன் பண்ணினீகம்மா" என்றார் எஸ்.ஐ. "ஆளை எப்படிக் கண்டுபிடிச்சீக?"

"விடுதிக்காரக வாட்ஸப் குரூப்புல நீங்கதான சார் இவரு போட்டோவைப் போட்டீக? திங்கட்கிழமை இவரு வாளியைத் தூக்கிட்டு நிக்கும்போதே பாத்துட்டேன்."

எஸ்.ஐ.யின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. "திங்கட்கிழமையா? இன்னைக்கு வியாழன்! அன்னைக்கே ஏம்மா சொல்லலை?"

இன்பமேரி அண்ணாந்து பால்கனியைப் பார்த்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா, வேலையை அரைகுறையா விட்டுட்டு உங்ககூட வந்திருப்பாருல்ல சார்?"