நட்டாற்றில் ஒரு கத்தி

ஆற்றின் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் கணவன் முன்னால் போகிறான், மனைவி பின்னால் வருகிறாள். பக்கவாட்டில் தொங்கினால் தொடையில் இடிக்கிறதென்று காலையில்தான் கத்தி உறையை இடுப்பின் பின்பக்கம் மாற்றிச் செருகிக்கொண்டான். அதன் அடித்தையல் விட்டுப்போயிருப்பதை அவன் பார்க்கவில்லை. ஒவ்வோர் அடிக்கும் கத்திமுனை தோலுறைக்கு வெளியே வந்து வெயிலில் மின்னி, கால்சட்டையை உரசிவிட்டு உள்ளே போகிறது. நடுமரத்தில் ஒரே பாசி. உட்கார்ந்தே நகர்ந்துவிடலாமென்று அவன் முழங்காலை மடக்குகிறான். அலறினால் திரும்புவான், திரும்பினால் வழுக்குவான். அடுப்படியில் பேசும் குரலில் அவள் சொல்கிறாள்: "உட்காராதீங்க. அப்படியே நில்லுங்க." "ஏன், பாம்பா?" "நீங்க இடுப்புல வச்சு வளர்க்கிற பாம்புதான். அசையாதீங்க." பிடியைப் பற்றி மெல்ல மேலே உருவுகிறாள். முழுக் கத்தியும் வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வருகிறது. "ஆத்துல போட்டுடாதே, உங்கப்பா கொடுத்தது," என்கிறான் அவன், திரும்பாமலே. உறையில்லாத கத்தி இப்போது அவள் கையில் இருக்கிறது. இன்னும் பாதி மரம் மிச்சம். அவன் காலெடுத்து வைக்கிறான், மரம் ஆடுகிறது.