எலோடிக்குத் தெரிந்த தமிழ்

எதிரே இருந்த யோகராணி தலை நிமிராமல் கையை மட்டும் நீட்டினாள். கத்திரிக்கோல் வந்து அந்தக் கையில் உட்கார்ந்தது.

கொடுத்தது பிலோமினா அல்ல.

கொடுத்தது எலோடி. பாரிஸில் யோகாவோடு சேர்ந்து பூக்கடை நடத்துகிறவள். வெள்ளைக்காரி. அவளும் தலை நிமிரவில்லை.

பிலோமினா தன் பாதி மாலையின் மேல் குனிந்துகொண்டாள்.

பாரிஸுக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். மேடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. நீள மேசை முழுக்க ரோஜாவும் வெள்ளைச் சாமந்தியும். பன்னிரண்டு மணிக்கு முகூர்த்தம். மாப்பிள்ளை மாலையை ஒரு நுனியிலிருந்து யோகா கட்டினாள், மறு நுனியிலிருந்து பிலோமினா. எலோடி காம்பு நறுக்கினாள்.

பதினான்கு வருடத்துக்கு முன்னால் யோகா கை நீட்டினால் கத்திரிக்கோல் வைத்தது பிலோமினா; பிலோமினா கை நீட்டினால் யோகா.

திருச்சியில், மேலப்புதூரில், பிலோமினாவின் பூ அலங்காரக் கடையில். யோகா இலங்கை அகதி முகாமிலிருந்து காலை பஸ்ஸில் வருவாள். இருட்டுமுன் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். ஆறு வருடம். கோயில், சர்ச், கல்யாணக் கார். எந்தப் பூ எங்கே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

பிறகு பிரான்ஸிலிருந்து யோகாவின் அண்ணன் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

பிலோமினா வேறு ஆள் வைத்தாள். ஆறேழு பேர் வந்து போனார்கள். எல்லோரும் நன்றாகத்தான் கட்டினார்கள்.

யாரிடமும் அவள் கை நீட்டவில்லை. வேண்டியதை வாய்விட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

புது டிசைன் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு விமானம் ஏறினாள். அது பொய்யில்லை. யோகா அவளைத் தெருத்தெருவாகக் கூட்டிப்போனாள். தன் சிநேகிதர்களின் கடைகளையெல்லாம் காட்டினாள். ஒரு கிழவர் முழு ஜன்னலையும் காலியாக விட்டு, நடுவில் ஒரு சாடியில் மூன்றே மூன்று தண்டு வைத்திருந்தார். திருச்சியில் இப்படி வைத்தால் பெண்ணின் அம்மா சண்டைக்கு வருவாள் என்றாள் பிலோமினா. யோகா அதை பிரெஞ்சில் சொன்னாள். கிழவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஆனால் அவள் வந்தது ஜன்னல் பார்க்க அல்ல.

யோகாவைத் திரும்பக் கூப்பிட வந்தாள்.

இப்போது அவளுக்கு முகாம் இல்லை. பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். கடையில் பாதியை அவள் பேருக்கு எழுதிவிடலாம். விமானத்தில் வார்த்தை வார்த்தையாகச் சேர்த்து வைத்திருந்தாள்.

பத்து நாளாகச் சொல்லவில்லை. எலோடி கூடவே இருந்தாள் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எலோடி இல்லாத சாயங்காலங்களும் இருந்தன.

யோகா சிரித்துவிட்டால்?

சிரிக்காமல், அன்பாக, முடியாது என்றுவிட்டால்?

நாளைக்கு விமானம்.

அவள் கையில் நூல் தளர்ந்தது. இரண்டு ரோஜாவுக்கு நடுவே ஒரு விரல் இடைவெளி விழுந்தது. அவள் கவனிக்கவில்லை.

எலோடி கவனித்தாள். மெல்ல முன்னால் சாய்ந்து, மிகுந்த மரியாதையோடு, புன்னகையோடு சொன்னாள்:

"நெருக்கிக் கட்டுடி, எருமை."



பிலோமினா நிமிர்ந்தாள். அந்த 'டி'யை ஒரு கிள்ளு கிள்ளி, 'எருமை'யை இழுத்து விடுகிற விதம். அது யோகாவின் யாழ்ப்பாணத்துப் பேச்சில்லை. மேலப்புதூர்ப் பேச்சு.

பிலோமினாவுடைய பேச்சு. அவளுடைய குரல்.

வேலைக்கு வந்த முதல் நாள் அந்த வார்த்தையைக் கேட்டு யோகா அழுதிருக்கிறாள். எங்கட வீட்டில ஒருத்தரும் இப்பிடிக் கதைக்கிறேல்லை என்று, பின்கட்டில் வாளியைப் பிடித்துக்கொண்டு. மறுநாள் வரமாட்டாள் என்றுதான் பிலோமினா நினைத்தாள். வந்தாள்.

எலோடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஏதோ தப்பாகிவிட்டது என்று அவள் முகம் சிவந்தது.

யோகாவின் முகம் அதற்கு மேல் சிவந்திருந்தது. அவள் மாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் அவ்வளவுதான், பிலோ" என்றாள். "கடையில நான் வேற தமிழ் கதைக்கிறேல்லை."

பிலோமினா நூலை இறுக்கினாள். இடைவெளி மூடியது. அடுத்த பூவை எடுக்க வந்த விரல்கள் சாமந்தியையும் ரோஜாவையும் பிரித்தறியாமல் சற்று நேரம் குவியலில் அலைந்தன.

எலோடி பிரெஞ்சில் ஏதோ கேட்டாள்.

"இன்னொரு சொல்லுச் சொல்லித் தரட்டாம். உன்னட்டக் கேக்கிறாள்."

எலோடி ஓர் அட்டையைத் திருப்பி வைத்துக்கொண்டு பேனாவோடு காத்திருந்தாள். வெளியே நாதஸ்வரக்காரர் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார். மாலையின் இரண்டு பாதிகளும் சேர இன்னும் நான்கைந்து பூக்கள்தான் பாக்கி.

பிலோமினா எலோடியைப் பார்க்கவில்லை.

"வந்துடு" என்றாள்.

எலோடி அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். வந். து. டு. எழுதினாள். பிறகு யோகாவின் பக்கம் திரும்பி, என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

யோகாவின் கை நின்றது.

சின்னச் சொல்தான். அதற்கு அவள் பிரெஞ்சில் நெடுநேரம் பொருள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாதியிலேயே எலோடி பிலோமினாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேனாவை மூடிவிட்டாள்.