லூசாகும் பேண்ட்

"என்னக்கா பண்றே?"

தங்கை வந்து நின்றதை அக்கா கவனிக்கவில்லை. மடியில் வீட்டுக்காரரின் பேண்ட். கையில் சின்னக் கத்தரிக்கோல். இடுப்பின் பின்பக்கத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் இன்னும் இரண்டு பேண்ட் காத்திருந்தன.

"கதவைச் சாத்து. அவர் நடந்துட்டு வர்ற நேரம்."

"கிழிஞ்சு போச்சா?"

"இல்ல. உள்ள மடிச்சிருக்கிற துணியை எடுத்துக் கொஞ்சம் அகலமாக்கறேன்."

"ஏன், அத்தான் இன்னும் குண்டாயிட்டாரா?"

"மெதுவா பேசு. இளைச்சுக்கிட்டு வர்றதா நெனச்சுக்கிட்டிருக்கார்."

தங்கைக்கு விளங்கக் கொஞ்ச நேரமாயிற்று. விளங்கியதும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் கணக்கு டீச்சர். பரீட்சையில் ஒருத்தன் பக்கத்துப் பையனின் பேப்பரை எட்டிப் பார்த்தாலே அவளுக்கு ராத்திரி தூக்கம் வராது.

அத்தானுக்கு டிரைவிங் ஸ்கூல். நாள் முழுக்கக் காரில் உட்கார்ந்தபடி, அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பயப்படுவது ஒன்றுதான் அவருக்கு உடற்பயிற்சி. எடையைக் குறைத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஒவ்வொரு தடவையும் ஜோரா ஆரம்பிப்பார்," என்றாள் அக்கா. "எடை மெஷின்ல ஏறி நிப்பார். முள் கீழ இறங்கலேன்னா மூஞ்சி தொங்கிடும். மறுநாள் போர்வையை இழுத்துப் போர்த்திக்குவார். அதான், இந்தத் தடவை மெஷினைப் பரண்ல போட்டுட்டேன். இடுப்புல பேண்ட் லூசாகுதுன்னா மனுஷன் தானா எழுந்து போறார்."

"இது ஏமாத்து வேலைக்கா."

"ஆமா."

"தெரிஞ்சா என்ன ஆகும்? அப்புறம் நீ சொல்ற எதை நம்புவார்?"

அக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஊசியில் நூல் கோத்தாள்.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்று பேண்ட்டும் போர்வைக்கு அடியில் போயின.

அத்தான் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

"வாம்மா டீச்சர். எங்கிட்ட ஏதாவது வித்தியாசம் தெரியுதா?"

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா ஜன்னலைப் பார்த்தாள்.

"முகம் கொஞ்சம்..." என்று இழுத்தாள் தங்கை.

"முகத்தை விடு. இப்பல்லாம் பெல்ட் இல்லாம வெளிய போனா என் மானம் போயிடும்."

தங்கை வாங்கி வந்த கேக்கை அக்கா தட்டில் வைத்து நீட்டினாள். அத்தான் அதை ஏக்கமாகப் பார்த்தார். பிறகு தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சர்க்கரை போடாத டீயைக் குடித்தார்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. இந்த அப்பாவி மனுஷனைப் போய் இப்படியா?

சாயங்காலம் அத்தான்தான் அவளைக் காரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனார். பாதி வழியில் அவள் தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"அத்தான், ஒரு விஷயம் சொல்லணும். அக்கா மேல கோபப்படக் கூடாது. நல்ல எண்ணத்துலதான் அவ..."

"பேண்ட் விஷயமா?"

தங்கை சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆரம்பத்துலயே தெரியும்மா. வண்டி கத்துக்க வர்ற அம்மா ஒருத்தங்க, 'சார், பின்னாடி நூல் தொங்குது'ன்னு சொன்னாங்க. கழட்டிப் பார்த்தேன். உங்கக்கா தையல், ஆத்துல போற பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

"எனக்கென்ன வலிக்குதா? வாக்கிங் போறேன்னு கிளம்பி, பார்க் பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிச்சுட்டு வருவேன். அவ பேண்ட்டைப் பெரிசாக்கிக்கிட்டே இருந்தா. ரெண்டு பேருக்கும் சந்தோஷம்."

தங்கைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இவருக்காகவா இத்தனை நேரம் பரிதாபப்பட்டோம்?

"அப்போ காலையில வேர்த்துக் கொட்டினதெல்லாம் பார்க் குழாய்த் தண்ணியா?"

"சேச்சே, அது நிஜ வேர்வை. பத்து நாளா நிஜமாத்தான் நடக்கறேன். முட்டி ரெண்டும் கழண்டுடும் போலிருக்கு. உன் கேக்கை விட்டேனே, அதுவும் நிஜம். இன்னும் நாக்குல நிக்குது."

"திடீர்னு என்ன ஞானோதயம்?"

அத்தான் பஸ் ஸ்டாண்டு ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"பத்து நாளைக்கு முன்னாடி பேண்ட்டை எல்லாம் உள்பக்கமா திருப்பிப் பார்த்தேன். இன்னும் ஒரு தடவை பிரிக்கலாம், அவ்வளவுதான். அதோட உள்ளே இருக்கிற துணி தீர்ந்துடும். அதுக்கப்புறமும் லூசாகணும்னா நான்தானே இளைக்கணும்? இல்லேன்னா, பாவம், உங்கக்கா எங்கிட்ட மாட்டிக்குவா."