அனுப்பாத கடிதங்கள்

ஜோர்டானின் அம்மான் நகரத்து அலுவலகம் ஒன்றில் நானும் என் தோழி குலூதும் ஒரே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கிறோம். புதிய மின்னஞ்சல் மென்பொருளில் ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கடிதத்தைப் படிக்க முடிகிறதா என்று சோதிப்பதுதான் வேலை. அதற்காக எங்கள் சொந்த அஞ்சலையே அதில் வைத்திருந்தோம்.

அன்று என் கணக்கிலிருந்து தட்டிப் பார்த்தேன். குலூத் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த கடிதங்கள் மட்டும் திறந்துகொண்டன. உடனே மூடியிருக்க வேண்டும். ஒன்றில் மேலாளர் பெயர் இருந்ததால் படித்துவிட்டேன்.

'குழுத் தலைவி பதவி எனக்கு வேண்டாம். நிஸ்ரீனுக்கே கொடுங்கள்.'

நிஸ்ரீன் நான்தான். அந்தப் பதவிக்கு எங்கள் இருவருக்கும்தான் போட்டி. எனக்குக் கூசிப்போயிற்று.

குலூத் எள் ரொட்டியும் தேநீருமாக வந்தாள். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க? சாப்பிடு."

"இதுல ஒரு ஓட்டை இருக்குடி. அனுப்பாத கடிதமெல்லாம் தெரியுது. உன்னோடத படிச்சிட்டேன், மன்னிச்சுக்கோ."

"அந்த ஓட்டைய நான் ஞாயித்துக்கிழமையே பாத்துட்டேன்."

"அப்ப ஏன்டி ரிப்போர்ட் எழுதல?"

"ஆதாரத்துக்கு அதுல பாத்த கடிதத்தையும் படம் புடிச்சுப் போடணுமே. மனசு வரல."

"யாரோட கடிதம்?"

"இதுல இருக்கறதே நம்ம ரெண்டு பேர் கணக்குதானே, ஹபீப்தி, என் கண்ணே."

கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். போன வாரம் மேலாளருக்கு எழுதிவிட்டு, அனுப்பத் துணிவில்லாமல் வைத்திருந்தேன்:

'குலூதுக்குப் பதவி கொடுக்க வேண்டாம். அம்மாவுக்கு வைத்தியம் என்று பாதி நாள் ஆஸ்பத்திரியில்தான் கிடக்கிறாள்.'