சீல் உடைந்த பாட்டில்

"காலையில காலி பண்ணிட்டுப் போன மூலை ரூம்காரர் திரும்பி வந்து நிக்கறார். உன்னைத்தான் கேக்கறார், வா!"

மேனேஜர் போட்ட அதட்டலில் அவள் கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே போட்டாள். போச்சு, வேலைக்கு உலை வைத்தாயிற்று!

அறைகளைச் சுத்தம் செய்கிறவள் அவள். விருந்தாளிகளுக்காக ஃப்ரிட்ஜில் வைக்கிற தண்ணீரோ ஜூஸோ, சீல் உடைந்திருந்தால் சிங்கில் கொட்டிவிட வேண்டும் என்பது அந்த ஹோட்டல் சட்டம். மூலை ரூமில் ஒரு மாம்பழ ஜூஸ் அப்படித்தான் இருந்தது. மூடியைத் திருகியிருந்தார்களே தவிர, ஒரு வாய்கூடக் குறையவில்லை.

பெற்றவளுக்கு அதைக் கொட்ட மனசு வருமா? பள்ளிக்கூடம் விட்டு, வீட்டுச் சாவி வாங்கப் பின்வாசலுக்கு வந்த மகளின் பையில் திணித்துவிட்டாள். "போய்ச் சாப்பிட்டுட்டுக் குடி, கண்ணு." பிள்ளைக்கு வாயெல்லாம் பல்.

இப்போது வசமாக மாட்டிக்கொண்டாள். ஒரு சோப்புக் கட்டிக்காகச் சலவைக்காரரையே துரத்திவிட்ட புண்ணியவான் இந்த மேனேஜர். ஒண்டியாகப் பிள்ளையை வளர்க்கிறவள், இந்த வேலையும் போனால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பாள்?

வரவேற்பறையில் மூலை ரூம்காரர் வேர்த்து விறுவிறுத்து நின்றார். "ஃப்ரிட்ஜ்ல ஒரு ஜூஸ் பாட்டில் இருந்ததே, எங்கம்மா?"

"கொட்டிட்டேங்க." தரையைப் பார்த்தே சொன்னாள்.

"நிஜமாவா? ஒரு சொட்டு விடாமயா?"

மேனேஜர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "எடுத்திருந்தா இப்பவே சொல்லிடு. அப்புறம் தெரிஞ்சுது, நடக்கறதே வேற."

"ஐயோ, எடுக்கலை சார்! என் பொண்ணு மேல சத்தியம், சிங்க்லதான் கொட்டினேன்."

மூலை ரூம்காரர் அப்படியே நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பாட்டிலைத் திருப்பிக் கேட்கவில்லை, சண்டை போடவில்லை. அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். மேனேஜரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்பாடா, தப்பித்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"பயத்துல அப்படியே விட்டுட்டு ஓடிட்டேம்மா. பாதி வழியிலதான் ஞாபகம் வந்துச்சு." அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். "கொட்டின கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிடு. நான் சாகறதுக்குன்னு விஷம் கலந்து வெச்ச பாட்டில் அது."